காக்கி உடுத்தாத சிறை ஊழியர்கள்

சிறை என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? உயரமான மதில். இரும்புக் கம்பி. காக்கி உடுப்பு. சினிமாவிலும் நாம் பார்ப்பது இதைத்தான்.

காலை நேரத்தில் ஒரு மத்திய சிறையின் வாசலைப் பாருங்கள். கையில் சாப்பாட்டுத் தூக்கோடு சிலர் உள்ளே போவார்கள். அவர்கள் காக்கி உடுத்தியிருக்க மாட்டார்கள். ஒருவர் டாக்டர். ஒருவர் மருந்து கொடுக்கும் கம்பவுண்டர். ஒருவர் ஆசிரியர். ஒருவர் நெசவு சொல்லிக் கொடுப்பவர். ஒருவர் அலுவலக எழுத்தர். இன்னொருவர் நல அலுவலர். இவர்களும் சிறையில் வேலை செய்பவர்கள்தான்.

பூட்டுவது, திறப்பது, ஆள் எண்ணுவது, காவல் காப்பது எல்லாம் காக்கி உடுத்தியவர்களின் வேலை. அது மட்டும் போதுமா? ஒரு பெரிய சிறையில் ஆயிரம், இரண்டாயிரம் பேர் இருப்பார்கள். அது ஒரு சிற்றூர் மாதிரி. அங்கே ஒருவருக்குக் காய்ச்சல் வரும். ஒருவருக்குப் பல்வலி வரும். ஒருவருக்கு வீட்டிலிருந்து இரண்டு மாதமாகக் கடிதம் வராது. ஒருவருக்கு வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்றே தெரியாது. இதையெல்லாம் யார் பார்ப்பது?

நம் நாட்டுச் சிறைகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? 2022 முடிவில் 5 லட்சத்து 73 ஆயிரம் பேர் இருந்தார்கள். அந்தச் சிறைகளில் இருந்த இடமோ 4 லட்சத்து 36 ஆயிரம் பேருக்குத்தான். இது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தந்த கணக்கு. உள்ளே இருந்த நான்கு பேரில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, அவர்கள் குற்றம் செய்தார்கள் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை. வழக்கு நடக்கிறது. அவ்வளவுதான்.

இவர்களின் உடல்நலமும் விடுதலையும் பல நேரம் ஒரு பதிவேட்டில்தான் இருக்கின்றன. அந்தப் பதிவேட்டை எழுதுபவர் பெரும்பாலும் காக்கி உடுத்தாதவர். அவரிடம் தடி கிடையாது. சாவியும் கிடையாது. பேனா உண்டு.

இரண்டு கதவுகள்

சிறை வாசலில் ஒரு பெரிய கதவு. அதைத் தாண்டினால் இன்னொரு கதவு. இரண்டும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. முதல் கதவைப் பூட்டிய பிறகுதான் அடுத்த கதவு திறக்கும். நடுவில் நிற்பவரின் பெயரும் நேரமும் பதிவாகும். பையைச் சோதிப்பார்கள். உடலைத் தடவிப் பார்ப்பார்கள். செல்போனை வெளியே வைத்துவிட வேண்டும். டாக்டராக இருந்தாலும் சரி, ஆசிரியராக இருந்தாலும் சரி, சோதனை உண்டு.

புதிதாக வேலைக்கு வருபவருக்கு இது மனக்கஷ்டமாக இருக்கும். 'நான் என்ன திருடனா?' என்று தோன்றும். ஆனால் காரணம் இருக்கிறது. வெளியிலிருந்து தினமும் உள்ளே போய் வருபவர் இவர். உள்ளே ஒரு பீடிக் கட்டுக்கும் விலை உண்டு. ஒரு சிம் கார்டுக்கு இன்னும் பெரிய விலை உண்டு. அதைக் கொண்டுவர ஆள் தேடுபவர்கள் முதலில் பார்ப்பது இவரைத்தான்.

கேட்பவர் எடுத்த எடுப்பிலேயே கஞ்சா கேட்பதில்லை. சின்னதாகத்தான் தொடங்குவார். வடநாட்டுச் சிறையில் ஒரு வகுப்பு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் போன பிறகு ஒருவர் மட்டும் நிற்கிறார்.

"மாஸ்டர்ஜி, ஒரே ஒரு உதவி. இந்தச் சீட்டை என் அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை."

கேட்கவே பாவமாக இருக்கிறது. அம்மாவுக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். ஆசிரியர் வாங்கிக்கொண்டு போனால் என்ன ஆகும்? அடுத்த வாரம் இன்னொரு சீட்டு வரும். அதற்கடுத்து ஒரு சிறு பொட்டலம் வரும். மறுத்தால், "முதலில் கொண்டு போனீர்களே, அதைச் சொல்லட்டுமா?" என்ற கேள்வி வரும். அன்றோடு ஆசிரியர் அவர் பிடியில் சிக்கிவிடுவார்.

1894-ம் ஆண்டின் சிறைச் சட்டம் இதை முன்பே யோசித்திருக்கிறது. தடை செய்த பொருளை உள்ளே கொண்டு போனாலோ, விதிகளுக்கு மாறாகக் கைதியோடு தொடர்பு வைத்தாலோ ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. அல்லது 200 ரூபாய் வரை அபராதம். அல்லது இரண்டும். 200 ரூபாய் அந்தக் காலத்தில் பெரிய தொகை. இன்று அதைவிடப் பெரிய தண்டனை வேலை போவதுதான்.

அப்படியானால் அந்த அம்மாவின் உடல்நிலையை அப்படியே விட்டுவிடுவதா? வேண்டாம். நல்ல ஆசிரியர் என்ன சொல்வார்?

"தம்பி, சீட்டை நான் தொட மாட்டேன். ஆனால் நல அலுவலரிடம் இன்றைக்கே சொல்கிறேன். வீட்டுக்குத் தகவல் கேட்டு அவர் எழுதுவார். நீயும் ஒரு மனு எழுது. எழுத நான் சொல்லித் தருகிறேன்."

இப்படிச் சொல்லிவிட்டு மறந்துபோகக் கூடாது. உள்ளே இருப்பவர் அந்தப் பதிலுக்காக ஒவ்வொரு நாளும் காத்திருப்பார். 'பார்க்கலாம்' என்று ஒருவர் போகிறபோக்கில் சொன்ன சொல்லை அவர் பத்து நாள் மனதில் வைத்திருப்பார். செய்ய முடியாததை முடியாது என்று அன்றே சொல்லிவிடுவதுதான் அங்கே மரியாதை.

டாக்டர் எழுதும் வரி

ஒருவர் சிறைக்குள் வந்ததும் மருத்துவ அலுவலர் அவரைப் பரிசோதிக்க வேண்டும். இதுவும் அந்தச் சிறைச் சட்டம் சொல்வதுதான். உடல்நிலை எப்படி? உடம்பில் காயம் இருக்கிறதா? தழும்பு இருக்கிறதா? என்ன வேலை செய்யத் தகுதி? எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும்.

இந்தக் காய விவரம் எதற்கு? ஒருவரைப் போலீஸ் நிலையத்திலிருந்து கொண்டுவருகிறார்கள். முதுகில் தடித்த கோடுகள். டாக்டர் அதைப் பார்த்து அன்றைய தேதியோடு எழுதினால், சிறைக்கு வருமுன்பே அந்தக் காயம் இருந்தது என்பதற்கு அது சாட்சி. எழுதாமல் விட்டால்? பிறகு நீதிபதி கேட்கும்போது போலீஸ் ஒன்று சொல்லும், சிறை ஒன்று சொல்லும். அடி வாங்கியவர் சொல்வது மட்டும் எங்கும் நிற்காது.

ஆகவே டாக்டருக்கு நெருக்கடி வருவது உண்டு. "சின்னக் காயம்தானே சார், எதற்கு எழுதுகிறீர்கள்?" என்று யாராவது கேட்பார்கள். கேட்பவர் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பவராக இருப்பார். அவரோடுதான் நாளையும் வேலை பார்க்க வேண்டும். மாத்திரை கொடுப்பது சுலபம். இந்த ஒரு வரியை எழுதுவதுதான் சிறை டாக்டரின் வேலையில் கடினமானது.

எடை பார்ப்பதும் அப்படித்தான். வேலை செய்யும் கைதியின் எடையைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது அவருடைய சீட்டில் குறிக்க வேண்டும் என்பது சட்டம். இந்தச் சீட்டுக்குச் சிறையில் 'ஹிஸ்டரி டிக்கெட்' என்று பெயர். எடை குறைந்துகொண்டே வந்தால் என்ன பொருள்? வேலை அதிகமாக இருக்கலாம். சாப்பாடு போதாமல் இருக்கலாம். காசநோயாகவும் இருக்கலாம். நெருக்கடியான கொட்டடியில் ஒருவருக்குக் காசநோய் வந்தால் பக்கத்தில் படுப்பவருக்கும் பரவும். செய்யும் வேலையால் உடம்பு கெடுகிறது என்று டாக்டர் எழுதினால், அந்த வேலையை அந்தக் கைதிக்குக் கொடுக்கக் கூடாது.

300 கைதிகளுக்கு ஒரு டாக்டர் வேண்டும் என்று அரசின் மாதிரி விதிகள் சொல்கின்றன. பல சிறைகளில் அந்த அளவுக்கு ஆள் இல்லை. காலிப் பணியிடங்கள் நிறைய. ஒரே டாக்டர் அவசரமாகப் பார்க்கும்போது முதலில் விட்டுப்போவது எழுத்து வேலைதான்.

பதினான்கு ஆண்டுகள்

எழுதாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பீகாரில் நடந்த ஒரு வழக்கைச் சொல்லலாம்.

முசாபர்பூர் சிறையில் ருதுல் ஷா என்பவர் இருந்தார். 1968 ஜூன் 3-ம் தேதி நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அன்றோ மறுநாளோ அவர் வீடு போயிருக்க வேண்டும். அவர் வெளியே வந்தது 1982 அக்டோபர் 16-ம் தேதி. பதினான்கு ஆண்டுகள் கழித்து!

ஏன் இவ்வளவு தாமதம் என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. அவருக்கு மனநிலை சரியில்லை, அதனால் வைத்திருந்தோம் என்று அரசுத் தரப்பு சொன்னது. எதை வைத்து அப்படி முடிவு செய்தீர்கள்? என்ன மருத்துவம் செய்தீர்கள்? குணமாகப் பதினான்கு ஆண்டுகளா ஆயின? இதற்கெல்லாம் ஏற்கும்படியான ஆதாரம் எதுவும் வரவில்லை. 1983 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. மொத்தம் 35,000 ரூபாய் இழப்பீடு. அடிப்படை உரிமையைப் பறித்த அரசு பணமாக ஈடு கொடுக்க வேண்டும் என்று சொன்ன முக்கியமான தீர்ப்பு அது. ஆனாலும் 14 ஆண்டுக்கு 35,000 என்றால், ஒரு ஆண்டுக்கு 2,500 ரூபாய். அது குறைவு என்று யாருக்கும் தோன்றும்.

அந்தப் பதினான்கு ஆண்டுகளில் அங்கே எத்தனை எழுத்தர்கள் மாறியிருப்பார்கள்? எத்தனை டாக்டர்கள் வந்து போயிருப்பார்கள்? ஒவ்வொருவரும் அந்தப் பெயரைக் கடந்துதான் போயிருப்பார்கள். யாரும் அவரை அடித்ததாக வழக்கு இல்லை. அவரை மறந்துபோனார்கள் என்பதுதான் வழக்கு.

இவர் ஒருவர் மட்டும் அல்ல. 1979 ஜனவரியில் பீகார் சிறைகளின் நிலை பற்றி இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளேட்டில் கட்டுரைகள் வந்தன. அதைப் படித்த வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றம் போனார். ஹுசைனாரா காத்தூன் வழக்கு என்று அதற்குப் பெயர். தண்டனை கிடைத்திருந்தால்கூட இத்தனை காலம் இருந்திருக்க மாட்டார்கள் என்னும்படி சிலர் விசாரணைக் கைதியாகவே இருந்தது அப்போது தெரிய வந்தது. வக்கீல் வைக்க வசதி இல்லாதவருக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 1987-ல் இலவச சட்ட உதவிக்குச் சட்டம் வந்தது. 1995 நவம்பர் 9 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. காவலில் இருக்கும் எவரும் அந்த உதவியைப் பெறலாம். வருமானச் சான்றிதழ் தேவையில்லை.

எழுத்தரின் கணக்கு

சிறை அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் எழுத்தரை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. உள்ளே இருப்பவர்கள் மட்டும் அவருடைய மதிப்பை அறிவார்கள். யாருக்கு எப்போது வாய்தா, யாருக்கு எந்தத் தேதியில் விடுதலை என்று கணக்குப் போடுபவர் அவர்.

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்திருக்கிறது. அதன்படி, ஒரு குற்றத்துக்கு உள்ள அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தை ஒருவர் விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால், அவரை ஜாமீனில் விட வேண்டும். இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். தூக்குத் தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் இருந்தாலும் பொருந்தாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒருவர்மேல் திருட்டு வழக்கு. சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு. அவருக்கு இதுதான் முதல் வழக்கு. மூன்றில் ஒரு பங்கு என்றால் ஒரு ஆண்டு. ஒரு ஆண்டு முடிந்ததும் சிறைக் கண்காணிப்பாளர் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும். எழுதுவது அவர் கடமை என்றே சட்டம் சொல்கிறது. ஆனால் ஆயிரம் பேரில் இன்று யாருக்கு நாள் முடிகிறது என்று அவருக்கு யார் சொல்வது? எழுத்தர்தான். உள்ளே வந்த தேதியை ஜனவரிக்குப் பதில் ஜூன் என்று எழுதிவிட்டால், ஒரு குடும்பம் ஐந்து மாதம் கூடுதலாகக் காத்திருக்கும்.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள் உண்டு. பிணைக்கு ஆள் இருக்காது, பணம் இருக்காது. இதற்கும் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் வழி சொன்னது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே போகாவிட்டால், மாவட்டச் சட்ட உதவி ஆணையத்துக்குச் சிறை தகவல் தர வேண்டும். ஜாமீன் கிடைத்த தேதியைக் கணினியில் ஏற்ற வேண்டும். இந்த வேலையும் எழுத்தரின் மேசைக்குத்தான் வருகிறது.

வகுப்பறை

டெல்லியில் திகார் சிறை இருக்கிறது. 1993-ல் கிரண் பேடி அங்கே தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அப்போது சுமார் 2,500 பேருக்கான இடத்தில் 8,000 பேருக்கு மேல் இருந்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள் ஏராளம். அத்தனை பேருக்கும் ஆசிரியர்களை எங்கே தேடுவது? படித்த கைதிகளே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வெளியிலிருந்து தொண்டர்களும் வந்தார்கள். 'படி, படிக்க வை' என்ற பொருளில் இந்தியில் அங்கே ஒரு திட்டமே நடக்கிறது. திகாரின் காவலில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையினரும் பல ஆண்டுகளாக இருந்து வருகிறார்கள். ஆகவே அங்கே தமிழ்க் குரல் கேட்பது புதிதல்ல.

சிறையில் எழுத்துச் சொல்லிக் கொடுப்பது ஊர் மையத்தில் சொல்லிக் கொடுப்பது போல இருக்காது. இன்று வகுப்பில் இருந்தவர் நாளை ஜாமீனில் போய்விடுவார். வாய்தாவுக்குப் போனவர் மாலையில் சோர்ந்து வருவார். அன்று அவருக்கு எதுவும் மண்டையில் ஏறாது. ஆனால் படிக்க வேண்டும் என்ற அவசரம் இங்கே அதிகம். கைநாட்டு வைத்த காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டும். குற்றப்பத்திரிகையில் தன் பெயரைத் தானே தேடிப் பார்க்க வேண்டும். மனைவியின் கடிதத்தை இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல எந்தக் கணவருக்கும் கூச்சமாக இருக்கும்.

ஆசிரியர் ஒன்றைக் கேட்பதில்லை: "நீ என்ன குற்றம் செய்தாய்?" பழகிய ஆசிரியர்கள் இதைக் கேட்பதே இல்லை. தெரிந்துகொண்டால் அடுத்த நாள் அவர் கையைப் பிடித்து எழுத்துச் சொல்லிக் கொடுப்பது கஷ்டமாகிவிடும்.

தொழில் சொல்லிக் கொடுப்பவரின் வருகைப் பதிவேட்டுக்கும் மதிப்பு உண்டு. தறியில் எத்தனை நாள் வேலை என்பதை வைத்துத்தான் கைதிக்குக் கூலி. கைதியின் உழைப்புக்கு நியாயமான கூலி தர வேண்டும் என்று 1998-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் கூலியில் ஒரு பங்கைக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு ஒதுக்கவும் வழி சொன்னது.

குழந்தைகளும் உண்டு

பெண்கள் சிறையில் குழந்தைகளும் இருக்கிறார்கள். வெளியே பார்த்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் ஆறு வயது வரை தாயோடு இருக்கலாம். 2006-ல் உச்ச நீதிமன்றம் இதற்கு விதிகளை வகுத்தது. குழந்தைகளுக்குப் பால்வாடி வேண்டும். தனிச் சாப்பாடு வேண்டும். தடுப்பூசி வேண்டும். அங்கே வேலை செய்யும் ஆயாவும் பால்வாடி ஆசிரியையும் சிறை ஊழியர்களிலேயே வேறு மாதிரி. பூட்டும் நேரம் வந்தால் குழந்தையைத் தாயோடு உள்ளே அனுப்ப வேண்டும். அந்த நேரம் தினமும் வரும்.

அந்தத் தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. கைதியாக இருக்கும் தாய்க்குச் சிறையில் குழந்தை பிறந்தால், பிறப்புப் பதிவில் பிறந்த இடம் சிறை என்று எழுதக் கூடாது. அந்தப் பகுதியின் முகவரியை மட்டும் எழுத வேண்டும். அந்தக் குழந்தை பள்ளியில் சேரும்போதும் பிறகு வேலைக்குப் போகும்போதும் அந்தச் சான்றிதழைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

எழுதக் கூடாதது இன்னொன்று, சாதி. சமையல் ஒரு சாதிக்கு, கக்கூசு கழுவுவது இன்னொரு சாதிக்கு என்று சில மாநிலங்களின் சிறை விதிகளிலேயே வேலையைப் பிரித்திருந்தார்கள். 2024 அக்டோபர் 3-ம் தேதி உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. கைதிகளின் பதிவேட்டிலிருந்து சாதி என்ற கட்டத்தையே நீக்கச் சொன்னது. சுதந்திரம் வந்து 77 ஆண்டுகள் ஆன பிறகு!

வேலைக்கு எடுப்பவர் யார்?

சிறை மாநில அரசின் பொறுப்பு. ஆகவே இந்த ஊழியர்களை எடுப்பதும் மாநில அரசுதான். டாக்டர் பெரும்பாலும் சுகாதாரத் துறையிலிருந்து வருவார். ஆசிரியர் கல்வித் துறையிலிருந்து வருவதும் உண்டு. சிலர் ஒப்பந்த வேலையில் இருப்பார்கள். தொண்டு நிறுவனத்தின் மூலம் வருபவர்கள் சிறை நிர்வாகத்தின் அனுமதி பெற வேண்டும். நன்னடத்தைச் சான்று கேட்பார்கள்.

இந்த வேலைக்கு வருபவருக்கு வெளியே ஒரு கேள்வி காத்திருக்கும். "கொலைகாரர்களோடு எப்படி இருக்கிறீர்கள்?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். உள்ளே பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது. ஆகவே பதில் சொல்லவும் முடியாது. வீட்டிலும் பேச முடியாது. மனச்சோர்வு வரும். இவர்களுக்கு ஆறுதல் சொல்ல அரசு இன்னும் பெரிதாக எதுவும் செய்யவில்லை.

வீட்டில் ஒருவர் சிறையில் இருந்தால், பார்க்கப் போகும் குடும்பத்தார் வார்டரிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். நல அலுவலரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். கைதியின் பெயர், தகப்பனார் பெயர், வழக்கு எண், கைதான தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டு போனால் நல்லது. நோய் இருந்தால் பழைய மருந்துச் சீட்டையும் கொண்டு போகலாம். அதை டாக்டரிடம் சேர்க்கச் சொல்லலாம். வக்கீல் இல்லை என்றால், சட்ட உதவி வக்கீல் எந்த நாளில் சிறைக்கு வருகிறார் என்று கேட்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்ட உதவி ஆணையத்தின் அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.